அடிக்காத மணி

உயரத்துக்கு அஞ்சாதவர் என்று அந்த லிஃப்ட் மெக்கானிக்குக் கம்பெனியில் பெயர். எட்டு மாடி ஆழத்துக்கு இருட்டாகக் கிடக்கும், லிஃப்ட் ஓடும் ஷாஃப்டில், கேபினின் தலைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத் தண்டவாளங்களுக்கு எண்ணெய் போட்டபடி பாட்டு முணுமுணுப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு இப்போது சொந்த வீட்டுக் குளியலறைக் கதவு கொஞ்சம் அதிக நேரம் சாத்திக் கிடந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

"பாப்பா?"

"ம்."

"ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டேன்."

"அப்பா, குளிக்கக்கூட விடமாட்டியா?"

அந்த எரிச்சல் குரல் காதில் விழுந்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பும். போய் நாற்காலியில் உட்காருவார். மறுபடி எழுந்து வருவார்.

பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. கைக்குழந்தையிலேயே கொழுகொழுவென்று இருப்பாள். அப்போது கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிய அதே சொந்தக்காரர்கள்தான் இப்போது, "வாயைக் கொஞ்சம் கட்டும்மா, நாளைக்கு உனக்குத்தான் கஷ்டம்" என்றார்கள். பள்ளியில் அவள் வகுப்புக்குள் நுழைந்தால் பையன்கள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பூமி அதிர்ந்ததுபோல் ஆடுவார்களாம். அவளே சிரித்துச் சிரித்துத்தான் இதைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அப்பாவும் அன்று சிரித்துவிட்டார். அதை நினைத்தால் இப்போது அவருக்குத் தன் வாயில் தானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

அவர்கள் குடியிருந்தது நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டைப் பராமரிப்பதும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. எட்டுப் பேர் ஏறலாம். அதற்கு மேல் கனம் ஏறினால் மணி அலறும், கதவு மூடாது, யாராவது இறங்கினால்தான் நகரும். எல்லா ஊர் லிஃப்ட்டும் அப்படித்தான்.

ஒரு சாயங்காலம் அவர் வேலை முடிந்து வாசலுக்குள் நுழையும்போது கேபினுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். பள்ளி விட்டு வந்த பாப்பா, எல்லோரும் ஏறட்டும் என்று ஒதுங்கி நின்று, கடைசியாகக் காலை உள்ளே வைத்தாள். மணி அலறியது.

"அடடே, லிஃப்ட்டுக்கே மூச்சு முட்டுது!" என்றார் ஏழாம் மாடிக்காரர். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர். வாயில் எப்போதும் ஒரு வேடிக்கை வைத்திருப்பார், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். "கண்ணு, நீ ஒருத்தி இறங்கினா நாங்க நாலு பேரு போயிரலாம்போல!"

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இறங்கினாள். கதவு மூடியதும், பிழிந்த துணியிலிருந்து தண்ணீர் போவதுபோல் அந்தச் சிரிப்பு அவள் முகத்திலிருந்து போனதை அப்பா பார்த்தார்.

இருவரும் படியேறினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் கேட்டாள்:

"அப்பா, நான் ஒருத்தி இல்லேன்னா எல்லாருக்கும் இடம் இருக்கும்ல?"

அழுகை இல்லை, கோபம் இல்லை. கணக்கைப் போட்டுவிட்டு விடை சரியா என்று கேட்கும் குரல்.

"சீச்சீ, என்ன பேச்சு இது. அது மெஷினு பாப்பா, அதுக்கு என்ன தெரியும்?" என்றார்.

மறுநாளிலிருந்து பாப்பா லிஃப்ட்டில் ஏறவில்லை. அடுத்த வாரம் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி வந்தது. பிறகு வாந்தி. பிறகு, சீருடையைப் பார்த்தாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, கை சில்லிட்டுப்போகிறது என்றாள். சாப்பாட்டு மேசையில் கோழி கொத்துவதுபோல் கொத்திவிட்டு எழுந்து போனாள். அவள் அம்மா தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது உள்ளேயிருந்து பிஸ்கட் காகிதங்கள் சரசரவென்று கொட்டின. அம்மா ஒரு மருந்துக் கடையில் பில் போடுபவள். தினமும் பத்துப் பேர் நோயைக் காது கொடுத்துக் கேட்கிறவள். அந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, "இவ பசிக்குத் தின்னலைங்க" என்றாள். "பயத்துக்குத் தின்னிருக்கா."

பிள்ளைகளுக்கான மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனார்கள். மருத்துவர் நிதானமான பெண்மணி. பாப்பாவிடம் தனியே பேசிவிட்டு, பிறகு இவர்களைக் கூப்பிட்டார்.

"எடை கூடினதால மனசு சுருங்குச்சா, மனசு சுருங்கினதால ஒளிச்சு வச்சுச் சாப்பிட்டு எடை கூடுச்சான்னு கேட்டா, ரெண்டும்தான். ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே போகுது. எடையைப் பத்தி வீட்டுல யாரும் இப்ப வாயே திறக்க வேண்டாம். முதல்ல பிள்ளை வெளியே வரட்டும்." பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்ன அந்த 'இடம் இருக்கும்'ங்கிற பேச்சைப் பத்திக் கேட்டேன். தோளைக் குலுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அடுத்த தடவையும் கேட்பேன். ஆனா உங்ககிட்டதான் மனசு விட்டுப் பேசுவாளாமே. நீங்க நேராக் கேளுங்க. செத்துப் போகணும்னு தோணுதான்னு, அதே வார்த்தையில கேளுங்க. கேட்டா இல்லாத எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க, வராது. கேட்காம விட்டாத்தான் அவ தனியா நிப்பா. ஆமான்னு சொன்னா எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணுங்க."

"கேட்கிறேன் டாக்டர்" என்றார் அவர்.

கேட்கவில்லை. பெற்றவன் வாயால் அந்தச் சொல்லைப் பிள்ளைமேல் எப்படிப் போடுவது? அவள் பக்கத்தில் போய் உட்காருவார். சொல் நாக்கு நுனிவரை வந்து நிற்கும். "பாப்பா..." என்பார். "என்னப்பா?" என்று அவள் நிமிர்ந்து பார்ப்பாள். "தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

"கேட்டீங்களா?" என்பாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமை கேட்கிறேன்."

"போன ஞாயித்துக்கிழமையும் இதைத்தான் சொன்னீங்க."

"நீ கேளேன்."

"நான் கேட்டேன். 'போம்மா'ன்னுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா. உங்ககிட்டதானே அவ வாயைத் திறப்பா? உங்க பயத்தைக் காப்பாத்திக்கிட்டு இருக்கீங்களே, பிள்ளையை யாரு காப்பாத்துறது?"

அவர் எழுந்து போய்ப் பால்கனிக் கம்பிகளை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். மொட்டைமாடிக் கதவுக்கு வாட்ச்மேனிடம் சொல்லிப் புதுப் பூட்டுப் போட வைத்தார். கையால் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்.

பழுது என்றால் அதற்கு ஓர் இடம் இருக்கும், தேடிக் கண்டுபிடித்துத் திருகினால் சரியாகிவிடும். தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான். மாதப் பராமரிப்பு நாளன்று அவர் லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கினார். கேபின் தரைக்குக் கீழே, கனம் தாங்கும் ரப்பர் கட்டைகளின் நடுவே, ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. கனம் ஏறினால் தரை மயிரிழை அமுங்கும். அமுங்கினால் ஒரு போல்ட் அந்தச் சுவிட்சைத் தொடும். தொட்டால் மணி. போல்ட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டால் எவ்வளவு அமுங்கினாலும் தொடாது.

ஸ்பேனரைப் போட்டார். திருகினார். ஒரு தும்மல் போடும் நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டபோது, அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, ஒரு லிஃப்ட்டைப் பார்த்து அவருக்குப் பயம் வந்தது. எட்டுப் பேர்தானே ஏறுவார்கள், மிஞ்சினால் ஒன்பது, என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் முதலில் தன் கண்ணைத்தானே மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"பாப்பா, இன்னிக்கு அப்பாகூட லிஃப்ட்டுல வா. ஒரே ஒரு தடவை."

"வேண்டாம்ப்பா."

"நான் பக்கத்துல நிக்கிறேன். அடிச்சா நானும் இறங்கிடுறேன்."

அவர் கையை நசுங்கப் பிடித்துக்கொண்டு ஏறினாள். உள்ளே ஏற்கெனவே நிறைய பேர். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மணி அடிக்கவில்லை. கதவு மூடியது. கீழே வந்து சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது, பல நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பாப்பா பள்ளிக்குப் போனாள். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. சாயங்காலம் வந்து பாட்டுப் போட்டுக் கேட்டாள். மதியச் சாப்பாட்டு டப்பா கழுவி வைத்ததுபோல் காலியாகத் திரும்பி வந்தது. "பருக்கை மிச்சமில்லாம சாப்பிடுறா. உங்க கை ராசி" என்றாள் மனைவி. போல்ட் விஷயம் அவளுக்கும் தெரியாது. மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டிய நாள் வந்தபோது, "இப்பத்தான் நல்லா இருக்காளே" என்று தள்ளிப்போட்டார்.

பிறகு பள்ளியிலிருந்து போன் வந்தது. பாப்பா வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாள்.

ஓடினார். நர்ஸ் அறைக் கட்டிலில் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். "மயக்கமெல்லாம் இல்லப்பா. சரியாத் தூங்கல, அவ்வளவுதான்" என்றாள். வெளியே வந்ததும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, ரகசியம் சொல்வதுபோல் காதருகே வந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லவா? மணி அடிக்கவே மாட்டேங்குது. நேத்து கேபின் நிறைய ஆளு. நான்தான் கடைசியா ஏறினேன். அப்பவும் அடிக்கல!"

"அதனால?"

"நான் குறைஞ்சிட்டேன்ப்பா. கண்ணாடியில தெரியல. ஆனா மணிக்குத் தெரியுதுல்ல? இன்னும் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா போதும்."

அவள் கண்கள் பளபளத்தன. கன்னத்தின் சதைக்கு மேலே, கண்ணைச் சுற்றி மட்டும் கருவளையம். அப்போதுதான் அவருக்கு அந்தக் காலி டப்பா புரிந்தது.

"டப்பா சாப்பாட்டை என்ன பண்றே பாப்பா?"

"சாப்பிடுறேன்ப்பா" என்றாள் சட்டென்று. அந்தச் சட்டென்ற பதிலே போதுமாக இருந்தது.

வீட்டில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிப் பார்த்தாள். பாப்பா வாயில் வாங்கிக்கொண்டு, குளியலறைக்குப் போய்த் துப்பிக் கொப்பளித்துவிட்டு வந்தாள். அவரோ திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் இருந்தார். மணியைத் திரும்ப அடிக்க வைத்தால், அவள் ஏறும் முதல் நாளே அது அவள் தலையில் இடிபோல் விழும். அடிக்க வைக்காவிட்டால், அவள் அந்த மௌனத்தை நம்பிப் பட்டினி கிடந்தே சரிந்துபோவாள். இத்தனைக்கும் நடுவே, தினமும் எத்தனை பேர் அந்த லிஃப்ட்டில் ஏறுகிறார்கள், எத்தனை கைக்குழந்தைகள். ஒருநாள் சாவியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கிப் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார். மேலே கேபின் கதவு திறந்து, பாப்பா யாருக்கோ "குட் மார்னிங்" சொல்லும் குரல் கேட்டது. மாட்டிய ஸ்பேனரைக் கழற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

ஆறாம் மாடியில் ஒரு குடும்பம் வீடு காலி செய்த நாள் அது. காலையில் மனைவி வேலைக்குப் போய்விட்டாள். பாப்பா பையை மாட்டிக்கொண்டு லிஃப்ட்டுக்கு நின்றாள். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டாளே என்று அதை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார். லிஃப்ட் கதவு திறந்தது.

உள்ளே அட்டைப்பெட்டிகள் நெஞ்சுயரத்துக்கு அடுக்கியிருந்தன. எல்லாம் புத்தகங்கள். பெட்டிகளுக்கு இடுக்கில் சுமை தூக்குகிறவர்கள் மூன்று பேர், ஏழாம் மாடி செயலாளர், ஐந்தாம் மாடி டியூஷன் டீச்சர்.

"வாம்மா, வா! தாராளமா இடம் இருக்கு" என்றார் செயலாளர்.

"நல்ல லிஃப்ட்டு சார் இது. எவ்வளவு ஏத்தினாலும் சத்தமே போட மாட்டேங்குது. எங்க ஏரியா லிஃப்ட்டெல்லாம் ஒரு பீரோவுக்கே ஒப்பாரி வைக்கும்" என்றார் சுமைக்காரர்களில் ஒருவர்.

பாப்பா காலை உள்ளே வைத்தாள். கேபின் தரை, வாசல் விளிம்பை விட்டு ஒரு விரற்கடை கீழே இறங்கியது. அதன் அர்த்தம் அவருக்கு மட்டும் தெரிந்தது.

இறங்கு. ஒரே ஒரு சொல். சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவே அவளைப் பார்த்து எப்படிச் சொல்வது? உலகம் முழுக்க அவளிடம் சொல்லிக்கொண்டிருந்த சொல் அல்லவா அது? பெட்டியை இறக்குங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே என்று நாக்கு ஒரு கணம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாட்டிலைப் பிடித்த கையை நீட்டியபோது கதவு மூடிவிட்டது.

அவர் படிகளில் விழுந்தடித்து ஓடினார். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் இறங்கும் ஓசை கேட்டுக்கொண்டே வந்தது. வழக்கமான ஓசை இல்லை. பிரேக் பிடிக்கப் பார்த்து வழுக்கும் ஓசை. இரண்டாம் மாடியில் அவர் இருக்கும்போது அது அவரைத் தாண்டிப் போனது. தரைத்தளத்தில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. அடியில் எங்கோ மொத்தென்று மோதியது. சுவர் அதிர்ந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரே கூச்சல்.

"பாப்பா!"

தரைத்தளக் கதவின் கண்ணாடித் துண்டு வழியாகப் பார்த்தால் உள்ளே இருட்டு. கேபின் முழங்காலளவு கீழே போய்க் குழியில் உட்கார்ந்திருந்தது. கதவைத் திறக்கும் சாவி எப்போதும்போல் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் மேலே மெஷின் ரூமில் மெயினை அணைக்காமல் கதவைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்து, கேபின் நகர்ந்து, இறங்கினவர்கள் நசுங்கிப்போன கதைகள் அந்தத் தொழிலில் உண்டு.

"வாட்ச்மேன்! மேல ஓடுங்க. மெஷின் ரூம்ல சிவப்புக் கைப்பிடி. கீழே இழுத்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க. ஓடுங்கண்ணே!"

வாட்ச்மேன் ஓடினார். எட்டு மாடி. இனி அவர் ஏறி முடிக்கும்வரை இவர் செய்ய ஒன்றுமில்லை. கையால் செய்ய எதுவும் மிச்சமில்லாத நேரம் அது.

"யாருக்காச்சும் அடிபட்டுச்சா?"

"என் கால்மேல பெட்டி விழுந்துடுச்சுண்ணே. விரலு போச்சு."

"மெக்கானிக்கு, என்னப்பா இது?" என்று கத்தினார் செயலாளர். "மணி ஏன் அடிக்கல?"

"இந்தப் பொண்ணு ஏறினப்பவே ஒரு அமுங்கு அமுங்குச்சு, நான் பார்த்தேன்" என்றது இன்னொரு குரல்.

அதற்குப் பிறகு ஒரு மூச்சு கேட்டது. வேகவேகமாக, அறுத்து அறுத்து, தண்ணீரில் மூழ்கி எழுகிறவர் மூச்சுபோல. அது யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பாப்பா, அப்பா இங்கதான் இருக்கேன். கதவுக்கு இந்தப் பக்கம். மெதுவா மூச்சை வெளிய விடு."

"என்... என்னாலயாப்பா?"

கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். இரும்பு குளிர்ந்திருந்தது. வேலை போகும், போலீஸ் வரும், இந்தக் கட்டடத்தில் தலை நிமிர முடியாது. அதெல்லாம் தெரிந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அந்தக் கதவுக்கு உள்ளே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

"உன்னால இல்ல. என்னால. மணியை அடிக்க விடாமப் பண்ணது நான்தான்" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நீ ஏறினா அடிக்கக் கூடாதுன்னு, கீழே இருக்கிற போல்ட்டை நான் திருகி வச்சேன்."

உள்ளே சுமைக்காரரின் முனகல்கூட நின்றது.

"எப்போ?" என்றாள் பாப்பா.

"நீ திரும்ப லிஃப்ட்டுல ஏறினியே, அதுக்கு முன்னாடி."

அவள் கணக்குப் போடுவது அவருக்குக் கேட்பதுபோல் இருந்தது.

"அப்ப நான் குறையவே இல்லையா?"

"எனக்குத் தெரியாது பாப்பா. அந்த மணிக்கும் தெரியாது. மொத்தக் கனம் எவ்வளவுன்னுதான் அதுக்குத் தெரியும். யாருன்னு தெரியாது. கடைசியா யாரு ஏறினாலும் அவங்க தலையிலதான் அடிக்கும்."

மூச்சு மட்டும். பிறகு அந்த டியூஷன் டீச்சரின் குரல் தணிவாகக் கேட்டது: "என் கையைப் பிடிச்சுக்கோம்மா. நானும் பயந்துதான் போயிருக்கேன். சேர்ந்து விடுவோம் மூச்சை." இரண்டு மூச்சுகளாக ஆயிற்று.

போன் அடித்தது. வாட்ச்மேன் மூச்சு வாங்கிக்கொண்டே, "இழுத்துட்டேன்" என்றார்.

கதவைத் திறந்தார். கேபின் கதவைக் கையால் விலக்கினார். பெரியவர்களை ஒவ்வொருவராகக் கை கொடுத்து மேலே தூக்கிவிட்டார். சுமைக்காரரின் கால் கட்டைவிரல் நசுங்கி இரத்தம் வழிந்தது. அவரை ஆட்டோவில் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். செயலாளர் மேலே வந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். வாயில் இருந்த வேடிக்கையெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"உன்னை நம்பித்தானேப்பா பெண்டாட்டி பிள்ளையை எல்லாம் இதுல ஏத்தி அனுப்புறோம்" என்றார்.

"தப்பு சார். கம்பெனிக்கு நானே சொல்லிடுறேன்."

செயலாளரின் முன்னாலேயே சூப்பர்வைசருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். இனி லிஃப்ட்டைத் தொடாதே, எங்கேயும் போகாதே, கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார் என்று பதில் வந்தது. செயலாளர் அவரைப் பார்த்தார், கேபினைப் பார்த்தார். அங்கே பாப்பா இன்னும் மூலையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு படியேறிப் போனார்.

அப்பா கேபினுக்குள் இறங்கிக் கையை நீட்டினார்.

"தொடாதே" என்றாள். தானே எழுந்து, தானே ஏறி வெளியே வந்தாள்.

படியில் முன்னால் அவள், பின்னால் அவர். இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு முன்பே அவளுக்கு மூச்சு வாங்கியது. சுவரோரம் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போ. நான் அப்புறம் வர்றேன்."

இத்தனை நாளும் அவரை அலைக்கழித்த பயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. அவர் போகவில்லை. இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

"பொய் சொன்னே" என்றாள்.

"ஆமா."

"நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா? டப்பாவை அப்படியே ஸ்கூல் பின்னாடி இருக்கிற நாய்க்குக் கொட்டினேன். எனக்குப் பசிச்சு அழுகை அழுகையா வரும். அது திங்கிறதைப் பார்த்துக்கிட்டே நிப்பேன். அது இப்ப குண்டாயிடுச்சு." உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "எல்லாம் சும்மா. ஒரு போல்ட்டுக்காக."

எண்ணெய்க்கறை படிந்த அவர் கையில் இப்போது ஸ்பேனர் இல்லை. திருக ஒன்றுமில்லை. கேட்டார்.

"பாப்பா, அன்னிக்கு இந்தப் படியில ஒண்ணு சொன்னே. நான் இல்லேன்னா இடம் இருக்கும்னு. செத்துப் போகணும்னு தோணுதா உனக்கு?"

மேலே யாரோ கதவைச் சாத்தும் ஓசை. அவள் ஷூவின் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சில நேரம்" என்றாள்.

அவருக்குச் சீச்சீ என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லாமல் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எப்பல்லாம்?"

"கிளாஸ்ல பெஞ்சு ஆடுறப்ப. சாப்பிட்டு முடிச்சதும். அப்புறம்... நீங்க ரெண்டு பேரும் என்னைப் பத்தி மெதுவாப் பேசுறப்ப."

"எப்படின்னு ஏதாவது யோசிச்சியா?"

தலையை ஆட்டினாள். இல்லை. "இல்லாமப் போயிட்டா நல்லா இருக்குமேன்னு மட்டும்."

"இப்ப?"

யோசித்தாள். நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னாள்.

"இப்ப இல்ல. இப்ப உன்மேல கோவமா வருது."

"வரட்டும்."

"ரொம்பக் கோவம்."

"ரொம்பவே வரட்டும்."

அவள் பையால் அவர் தோளில் ஒரு அடி அடித்தாள். கனமான பை. வலித்தது. இன்னொன்று அடித்தாள். பிறகு பையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் காய்கறிக் கூடையோடு இறங்கி வந்தார். பார்த்தும் பாராததுபோல் ஒதுங்கி, மெதுவாகத் தாண்டிப் போனார்.

அழுகை தேய்ந்து விக்கலாக ஆனபோது அவர் போனை எடுத்தார்.

"இதை டாக்டர்கிட்ட இப்பவே சொல்லணும் பாப்பா. அம்மாகிட்டயும் சொல்லணும். ஒண்ணு விடாம. நீ பேசுறியா, நான் பேசவா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீயே பேசு. ஆனா இங்கேயே பேசு. பொய் சொல்றியான்னு நான் கேட்கணும்."

எண்ணை அழுத்தினார். விரல் தவறான எண்ணில் பட்டது. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினார். அப்போதும் தவறியது. பாப்பா போனை அவர் கையிலிருந்து வாங்கி, தானே அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, இருவருக்கும் நடுவே இருந்த படியில் வைத்தாள்.